வடகாட்டுக் கடிதங்கள்

வரலாற்றை எழுதியோர் நெடுங்காலமாக அரசாணைகளையும் உடன்படிக்கைகளையும் படைத்தலைவர்களின் அறிக்கைகளையுமே தக்க சான்றுகளாகக் கொண்டு வந்தனர். கோடரி பிடித்துக் காய்த்த கையினால், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், எழுத்துப் பிழைகள் மலிய எழுதப்பட்ட ஒரு தொழிலாளியின் கடிதத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியே தோன்றிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலுள்ள பெருங்காடுகளில் மரந்தறிக்கச் சென்ற குடியேறிகள் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் அத்தகையன. அவற்றில் அவர்கள் சொன்னவை எவை, சொல்லாது விட்டவை எவை, அவற்றால் விளைந்தது என்ன என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

வடகாடு என்று இங்கு நாம் குறிப்பது மிச்சிகன், விஸ்கொன்சின், மின்னசோட்டா என்னும் மூன்று மாநிலங்களின் வடபாகங்களில், பேரேரிகளை அடுத்துப் பரந்திருந்த பைன் மரக்காடுகளையாகும். அங்கு வளர்ந்த வெள்ளைப் பைன் நூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது. நேரான தண்டும் மென்மையான வைரமும் உடையது. நீரில் இலேசாக மிதப்பது. இம்மூன்று குணங்களுமே அதற்குக் கூற்றாயின. மத்திய மேற்குப் புல்வெளிகளில் மரமில்லை. அங்கு குடியேறிய கமக்காரருக்கு வீடும் களஞ்சியமும் வேலியும் வேண்டியிருந்தன. சிக்காகோ போன்ற நகரங்கள் நாளுக்கு நாள் பெருகின. இத்தேவைகளையெல்லாம் வடகாட்டுப் பைன் நிறைவேற்றியது. முதலில் மிச்சிகன், அதன்பின் விஸ்கொன்சின், 1900ஆம் ஆண்டை அடுத்து மின்னசோட்டா என, மரந்தறி தொழிலின் உச்சம் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து சென்றது.

இக்காடு ஆளில்லாக் காடன்று. அது ஒஜிப்வே மக்களின் தாயகம். 1837ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஸ்னெல்லிங் கோட்டையருகே செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, இன்றைய விஸ்கொன்சின், மின்னசோட்டா மாநிலங்களிற் பெரும் நிலப்பரப்பொன்றை அவர்கள் ஐக்கிய நாடுகளின் அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். அரசு அந்நிலத்தை நாடியதற்குத் தலையாய காரணம் அதில் நின்ற பைன் மரங்களே. அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் நீரில் விளையும் காட்டரிசியைச் சேகரிக்கவும் தமக்குள்ள உரிமையை ஒஜிப்வேயர் உடன்படிக்கையிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. 162 ஆண்டுகளின் பின்னர், 1999இல், உச்ச நீதிமன்றம் அது அழியவில்லை எனத் தீர்ப்பளித்தது. தம் முன்னோரின் காட்டிலேயே கூலிக்கு மரந்தறித்த ஒஜிப்வேயரும் பலர் உளர்.

இனி, அக்காட்டிற்கு வந்த குடியேறிகள் யார் என்று பார்ப்போம். கிழக்கிலுள்ள மெய்ன் மாநிலத்தவரும் ஐரிஷ்காரரும் பிரெஞ்சு மொழி பேசும் கனடியரும் முதலில் வந்தனர். பின்னர் நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய வடநாடுகளிலிருந்து மக்கள் திரளாக வரலாயினர். நோர்வேயிற் பயிரிடத்தக்க நிலம் மொத்த நிலப்பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கினும் குறைவு. கமம் மூத்த பிள்ளையைச் சேர, இளைய பிள்ளைகள் பிறர் நிலத்திற் குடிசை கட்டி, வாடகைக்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் நிலை இருந்தது. 1866 முதல் 1868 வரை பின்லாந்திற் பெரும் பஞ்சம் நேர்ந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1867ஐ அடுத்த ஆண்டுகளிற் சுவீடனிலும் விளைவு பொய்த்தது. அக்காலத்திலேயே, 1862இல் இயற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலம் சிறு கட்டணத்துடன் கிடைக்கும் என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1850க்கும் 1930க்கும் இடையிற் சுவீடனிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய பன்னிரண்டு இலட்சம் பேர் கடல் கடந்தனர்.

சுவீடன் நாட்டவர் பலர் கொதன்பர்க் துறைமுகத்திற் கப்பலேறி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரில் இறங்கி, புகையிரதத்தில் லிவர்பூல் சென்று, அங்கிருந்து நியூயோர்க் போகும் நீராவிக் கப்பலில் ஏறினர். வந்தவுடன் நிலம் வாங்கிக் கமஞ்செய்யப் பலரால் இயலாது. நிலம் இலவசமாயினும் எருதுக்கும் கலப்பைக்கும் விதைக்கும் பணம் வேண்டும். கோடைகாலத்தில் அறுவடையிலோ புகையிரதப் பாதை வேலையிலோ உழைத்தவன், பனி தொடங்கியதும் வேறு வேலையில்லாமையாற் காட்டை நாடினான். ஏற்கெனவே நிலம் பெற்றிருந்த கமக்காரன் கூட, மனைவியையும் பிள்ளைகளையும் மரக்குடிலில் விட்டு, நவம்பரிற் காட்டுக்குச் சென்று மார்ச் இறுதியிலேயே திரும்பினான். ஆகவே காட்டிலிருந்து கடிதங்கள் இரு திசைகளிற் சென்றன. ஒன்று, கடலுக்கப்பால் இருந்த பெற்றோருக்கு. மற்றொன்று, சில நாட் பயணத்தொலைவிற் பனியால் மூடுண்ட குடிலில், மாட்டையும் குழந்தைகளையும் தனித்துக் காத்து நின்ற மனைவிக்கு.

காட்டு வாழ்வின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன்னர், நான்கு மணியளவில், சமையற்காரன் நீண்ட தகரக் குழலை ஊதுவான். அறுபது எழுபது பேர், சில முகாம்களில் நூற்றுக்கு மேற்பட்டோர், மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய ஒரே கொட்டிலில், வைக்கோல் பரப்பிய அடுக்குக் கட்டில்களில், இருவர் இருவராகப் படுத்திருப்பர். நடுவே ஓர் இரும்பு அடுப்பு. அதைச் சூழக் கட்டிய கம்பிகளில் இரவு முழுவதும் காயும் ஈரக் காலுறைகள். யன்னல்கள் சிறியன, காற்றோட்டம் குறைவு, பேன் தொல்லை எவரையும் விடாது. உணவோ தாராளமாய்க் கிடைத்தது. பன்றியிறைச்சி, அவரை, உருளைக்கிழங்கு, பாண், உலர்ந்த பழம், தேநீர் ஆகியவை வேண்டுமளவு உண்டு. ஆனாற் சாப்பாட்டு மேசையிற் பேசுதல் ஆகாது என்பது முகாமின் விதி. சமையற்காரனே அங்கு அரசன். பல மொழியினர் கூடியிருக்கும் இடத்திற் பேச்சு வளர்ந்து சச்சரவாகாமலும் நேரம் வீணாகாமலும் இருக்க அவ்விதி உதவிற்று.

பொழுது புலருமுன்னரே அனைவரும் காட்டில் நிற்பர். ஒருவன் கோடரியால் மரத்தின் ஒருபுறம் வெட்டுவாய் செய்து, அது எத்திசையில் விழவேண்டும் என்பதை வரையறுப்பான். இருவர் எதிரெதிராக மண்டியிட்டு நீண்ட இழுவாளால் மறுபுறம் அறுப்பர். 1880ஐ அடுத்த காலத்திற் கோடரியின் இடத்தைப் பெரும்பாலும் இவ்வாள் பெற்றது. அதனாலேயே காடு முன்னைய வேகத்தினும் பன்மடங்கு வேகமாக அழிந்தது. விழுந்த மரத்தின் கிளைகளைச் சிலர் கழிப்பர். வேறு சிலர் அதைத் துண்டமாக்குவர். குதிரைக்காரர் அதைப் பாதைக்கு இழுத்துச் செல்வர்.

அப்பாதை அமைக்கும் முறை வியப்புக்குரியது. இரவு வேளையில், தண்ணீர்த் தொட்டி பூட்டிய சறுக்கு வண்டியைக் காட்டுப்பாதையில் ஓட்டி, நீரைத் தெளித்துக்கொண்டே செல்வர். நீர் உறைந்து கண்ணாடிபோல் ஆகும். அப்பனிக்கட்டித் தடத்தில், மலைபோற் குற்றிகளை அடுக்கிய சறுக்கு வண்டியை இரண்டு குதிரைகள் எளிதில் இழுத்துவிடும். ஆயினும் இறக்கங்களில் அப்பாரம் குதிரைகளை நெருக்கிக் கொன்றுவிடக் கூடும் என்பதால், அங்கெல்லாம் வைக்கோலையும் மணலையும் தூவி வேகத்தைத் தணிக்கும் பொருட்டு ஒருவன் நிறுத்தப்பட்டிருப்பான். அவனது ஒரு கணக் கவனக் குறைவு வண்டிக்காரனுக்கு யமனாய் முடியும்.

வசந்த காலத்திற் பனி உருகி ஆறுகள் பெருகும். மாரி முழுவதும் கரையில் அடுக்கிய குற்றிகளை அப்போது நீரில் உருட்டி விடுவர். ஆணி தைத்த சப்பாத்து அணிந்து, கொளுவி பொருத்திய நெம்புகோலைக் கையிலேந்தி, உருளும் குற்றிகளின் மேல் நடந்து, அவற்றை ஓட்டிச் செல்வோர் ஆற்று வேலையாட்கள். குற்றிகள் இன்ன கம்பனிக்குரியவை எனக் காட்டும் முத்திரை, அவற்றின் வெட்டுமுகத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சென் குரோய் ஆற்றில், ஸ்டில்வாட்டர் நகருக்கு மேலே, மரங்களைச் சங்கிலியாற் பிணைத்து அமைத்த மிதப்புத் தடையில் அவை நிறுத்தி வகைப்படுத்தப்பட்டன. 1856 முதல் 1914 வரை இத்தடை இயங்கிற்று. 1886இல் அதே ஆற்றின் குறுகிய பாறை வளைவொன்றிற் குற்றிகள் சிக்கி நின்ற காட்சியைக் காணப் பயணிகள் புகையிரதத்திற் கூட்டங் கூட்டமாக வந்தனர். அச்சிக்கலை அவிழ்க்க இறங்கியோரோ தம் உயிரைப் பணயம் வைத்தே இறங்கினர்.

இத்துணை உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் யாது? காலத்துக்கும் திறமைக்கும் ஏற்ப அது வேறுபட்டாலும், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டொலரும் உணவும் படுக்கையும் என்று பொதுவாகக் கூறலாம். சம்பளம் பருவ முடிவிலேயே கிடைத்தது. முகாமிலுள்ள கடையிற் புகையிலையும் காலுறையும் கடனாக வாங்கியதற்குக் கழித்து, எஞ்சியதற்குச் சீட்டொன்று கொடுப்பர். அச்சீட்டை நகரிற் காசாக்கும்போது அதிலும் ஒரு பங்கு குறையும். நகரின் மதுக்கடைகளோ கையில் வந்த காசை வீடு சேர விடாது வழிமறித்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமையே ஓய்வு நாள். அன்று உடைகளைக் கொதிநீரில் இட்டு அவிப்பர், கிழிந்தவற்றைத் தைப்பர், கடிதம் எழுதுவர். வடநாடுகளில் லுத்தர் திருச்சபை, வேதத்தை வாசிக்கத் தெரியாதவருக்கு அக்காலத்திற் சபையில் முழு உரிமை அளிக்கவில்லை. ஆகவே வாசிப்பு பரவியிருந்தது. எழுதுவது சிலருக்கே எளிதாயிற்று. எழுதத் தெரியாதவன் தெரிந்தவனிடம் சொல்லி எழுதுவிப்பான். சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரனே தபாற்காரனுமாவான். 1874இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் உலகத் தபாற் சங்கம் அமைந்த பின்னர், ஐந்து சதத்துக்கு ஒரு கடிதம் கடல் கடக்கலாயிற்று. முன்னர் அதற்குப் பன்மடங்கு செலவாயிற்று. சாதாரண கூலியாளும் அடிக்கடி கடிதம் எழுதும் நிலை அப்போதுதான் தோன்றிற்று.

அக்கடிதங்களுக்கு ஒரு மரபு உண்டு. முதலில் இறைவனருளால் தான் சுகம், வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டும் என்னும் வாழ்த்து. அடுத்து ஊதியம், கோதுமை விலை, குளிர் எவ்வளவு என்னும் செய்தி. அதன்பின் ஒரே ஊரவர் யார் யார் அருகில் உளர் என்னும் விபரம். பின்னர் வினாக்கள். பசு கன்றீன்றதா, அயல்வீட்டுப் பெண் மணமுடித்தாளா, பாட்டியின் கண் பார்வை எப்படி என்று அவை நீளும். ஈற்றில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து முடியும். மொழியோ பிறந்த ஊர்ப் பேச்சு. இடையிடையே அமெரிக்காவிற் கற்ற ஆங்கிலச் சொற்கள் தாய்மொழி விகுதி பெற்று வரும். கடிதத்துடன் சிலவேளை காசுக்கட்டளை ஒன்றோ புகைப்படம் ஒன்றோ இருக்கும். முகாம் முகாமாகச் சென்று படம் பிடிப்போர் அக்காலத்தில் இருந்தனர். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கென, 36,000 பலகையடிக்கு மேற்பட்ட மரத்தை ஒரே சறுக்கு வண்டியில் அடுக்கி மிச்சிகனில் எடுத்த படம் புகழ்பெற்றது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகையே ஒரு பலகையடி. இத்தகைய படங்களில் மனிதர் பாரத்தின் உச்சியில் வெற்றி வீரரைப்போல் நிற்பர். அடுத்த கணம் சங்கிலி அறுந்தால் நேர்வதைப் படம் காட்டாது.

கடிதமும் அவ்வாறே. பேன் கடித்தது, கிளை விழுந்து தோழன் இறந்தான், விரல் பனியாற் கருகியது, சம்பளத்தை ஓரிரவிற் குடித்துத் தொலைத்தேன் என்பவற்றை எழுதியோர் மிகச் சிலரே. இதனைப் பொய் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அக்கடிதம் தாய்க்கு மாத்திரம் உரியதன்று. அது வந்ததும் அயலார் கூடுவர். பள்ளி ஆசிரியரோ குருவானவரோ உரக்க வாசிப்பர். அது கைமாறி ஊர் முழுவதும் செல்லும். மகன் அதில் எழுதுவது தன் நிலையை மட்டுமன்று, தன் வீட்டின் மானத்தையுமாகும். கடன் வாங்கிக் கப்பலேறியவன் தோற்றுவிட்டேன் என்று எழுதத் துணியான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் இருந்து ஒன்றும் செய்ய இயலாத தாயை வருத்தி ஆவதென்ன என்ற இரக்கமும் அவன் எழுதுகோலைத் தடுத்தது.

ஆனால் அவ்விரக்கத்திற்கு ஒரு விலை உண்டு. அண்ணன் எழுதிய கடிதத்தைத் தம்பி கேட்கிறான். நாளுக்கு ஒரு டொலர் என்பதும் வயிறார இறைச்சி என்பதும் அவன் செவியில் விழுகின்றன. மரம் விழுந்து சிதைந்த உடல் அவன் கண்ணிற் படுவதில்லை. அடுத்த கடிதத்தில் அண்ணன் முற்பணம் கட்டிய பிரயாணச்சீட்டு வருகிறது. அக்காலத்திற் கடல் கடந்த வடநாட்டவருள் மிகப் பலர், முன்னரே சென்ற உறவினர் இவ்வாறு அனுப்பிய சீட்டிலேயே சென்றனர். கப்பற் கம்பனிகளின் விளம்பரங்கள் ஊரை ஏமாற்றின என்று அன்றைய அரசுகள் குற்றஞ்சாட்டின. விளம்பரத்தை மக்கள் ஐயுற்றனர். அண்ணனின் கையெழுத்தை அவர்கள் ஐயுறவில்லை. உண்மையை எழுதினால் தாய் கலங்குவாள். எழுதாவிடிற் தம்பி வந்து அதே மரத்தடியில் நிற்பான். இந்த இருதலைக் கொள்ளியிடையே எழுதப்பட்டவை இக்கடிதங்கள். இதனை மனத்திற் கொள்ளாமல் அவற்றை வாசிப்பவர், அவற்றின் பாதியையே வாசித்தவராவர்.

இக்கடிதங்களின் வலிமையை அரசுகள் நன்கறிந்திருந்தன. 1890, 1891 ஆகிய ஆண்டுகளில், ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்துப் பகுதிக்கு, அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் குடியேறிகள் எழுதிய கடிதங்களைச் சார் மன்னரின் தணிக்கையாளர் பறித்து வைத்தனர். மக்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுப்பதே நோக்கம். உரியவர் கையை ஒருபோதும் அடையாத அக்கடிதங்கள் வார்சோவில் முடங்கிக் கிடந்தன. 1944இல் அந்நகரம் அழிக்கப்பட்டபோது அவற்றிற் பெரும் பகுதி எரிந்தது. தப்பிய முந்நூறுக்கு மேற்பட்டவற்றை வித்தோல்டு கூலா முதலிய அறிஞர் 1973இல் நூலாக வெளியிட்டனர். பதில் வரவில்லையே என்று ஏங்கிய கணவனும், கடிதம் வரவில்லையே என்று நொந்த மனைவியும் ஒருவரையொருவர் பழித்திருக்கக் கூடும். இருவருக்கும் இடையில் நின்றது ஓர் அரசு அலுவலகத்தின் அலுமாரி.

கடிதம் சொல்லாது விட்டதை வேறு சான்றுகள் சொல்கின்றன. முதலாவது, தீ. மரந்தறிப்போர் பயனுள்ள தண்டை எடுத்துக்கொண்டு, கிளைகளையும் நுனிகளையும் காட்டிலேயே விட்டுச் சென்றனர். வறண்ட கோடையில் அக்குப்பை வெடிமருந்துக்கு ஒப்பாயிற்று. 1871 ஒக்டோபர் 8ஆம் திகதி, சிக்காகோ நகரம் எரிந்த அதே இரவில், விஸ்கொன்சினிலுள்ள பெஷ்ரிகோ என்னும் மர ஆலை நகரும் அயற்காடுகளும் எரிந்து, ஆயிரத்திருநூறு பேருக்குக் குறையாமல் இறந்தனர். சிக்காகோத் தீயை உலகறியும். அதனினும் பன்மடங்கு உயிர்களைக் கவர்ந்த பெஷ்ரிகோத் தீயை அறிந்தவர் சிலரே. 1894 செப்தெம்பர் 1ஆம் திகதி மின்னசோட்டாவின் ஹிங்க்லி நகரும் அவ்வாறே எரிந்து, நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காட்டிற் சேமித்த பணத்தைக் கொண்டு காட்டோரத்திற் குடியமர்ந்தவரும் அவர்களுட் பலர்.

இரண்டாவது, சட்டம். கிளை விழுந்து முதுகு ஒடிந்தவனுக்கோ ஆற்றில் மூழ்கியவனின் மனைவிக்கோ நட்டஈடு கிடைப்பது அரிதாயிருந்தது. ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றான் என்றும், உடன் வேலையாளின் தவறே காரணம் என்றும் முதலாளி வாதித்தால் நீதிமன்றங்கள் அதனை ஏற்றன. விஸ்கொன்சினில் 1911இலும் மின்னசோட்டாவில் 1913இலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் நிறைவேறின. அக்காலத்துள் வெள்ளைப் பைன் காடுகளிற் பெரும் பகுதி அழிந்துவிட்டது. அதுவரை காயம் பட்டவனுக்கு உதவியோருள் டுலூத் நகரின் பெனடிக்ற் சபைக் கன்னியரைக் குறிப்பிடல் வேண்டும். சகோதரி அமாற்றா என்பவர் பனியில் முகாம் முகாமாகச் சென்று மருத்துவமனைச் சீட்டுகளை விற்றார். சீட்டு வாங்கியவன் நோயுற்றாலோ காயமுற்றாலோ அவர்களது மருத்துவமனையிற் சிகிச்சை பெறலாம். அரசு செய்யாத காப்புறுதியை ஒரு துறவியின் கால்நடை செய்தது.

மூன்றாவது, வேலைநிறுத்தம். 1916 திசெம்பர் இறுதியில், மின்னசோட்டாவின் வேர்ஜினியா நகரிலிருந்த பெரிய மர ஆலையிலும் அதனைச் சார்ந்த காட்டு முகாம்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பின்லாந்து நாட்டவர் அவர்களுட் பலர். அவர்கள் ஊதிய உயர்வையும் குறைந்த வேலை நேரத்தையும் மட்டுமன்றி, சுத்தமான படுக்கையையும் நல்ல உணவையும் கோரினர். ஒரு சில வாரங்களில் அப்போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆயினும், தாய்க்கு எழுதிய கடிதத்தில் வெட்கத்தால் மறைத்த பேனையும் நாறும் வைக்கோலையும் அதே மனிதர் முதலாளிக்கு முன் கோரிக்கையாக வைத்தனர் என்பதை நோக்குக. மௌனம் அறியாமையன்று என்பது இதனாற் புலனாகும்.

கடிதம் எழுதுவதை முற்றாக நிறுத்தியோரும் இருந்தனர். குடித்தழிந்தவர் சிலர், பெயர் தெரியாமல் ஆற்றங்கரையிற் புதைக்கப்பட்டவர் சிலர், மேற்குக்கரைக் காடுகளுக்குச் சென்று மறைந்தவர் சிலர். அவர்களைத் தேடி உறவினர் கொடுத்த அறிவித்தல்கள் குடியேறிகளின் பத்திரிகைகளில் வெளிவந்தன. வந்த கடிதங்களைக் கொண்டு மாத்திரம் வரலாற்றை எழுதினால், இவர்கள் அதில் இடம்பெறவே மாட்டார்கள்.

எல்லாக் குடியேறிகளும் ஒரே முடிவை எய்தினர் என்பதுமில்லை. ஜேர்மனியிலிருந்து 1852இல் இளைஞனாக வந்து மர ஆலையில் வேலை செய்த பிரெடெரிக் வயர்ஹவுசர், நாட்டின் மிகப்பெரிய மர வணிகரானார். வடகாடு ஓய்வதை உணர்ந்து, 1900இல் மேற்கிலுள்ள வாஷிங்ரன் மாநிலத்தில் ஒன்பது இலட்சம் ஏக்கர் காட்டை அவரும் பங்காளிகளும் வாங்கினர். அவ்வாறு முதல் நகர்ந்து சென்றபின், வேர்களும் அடிக்கட்டைகளும் மண்டிய வெட்டைநிலங்களைக் கமத்துக்கு ஏற்றவை என விளம்பரப்படுத்தி விற்றனர். அவற்றை வாங்கியவருட் பலர் மரந்தறித்த அதே குடியேறிகள். மணற்பாங்கான அம்மண்ணிற் பயிர் செழிக்கவில்லை. வரி செலுத்த இயலாது பலர் நிலத்தைக் கைவிட்டனர். வேர்ஜினியாவின் பெரிய ஆலை 1929இல் மூடப்பட்டது. மின்னசோட்டாவில் ஆற்றுவழிக் குற்றி ஓட்டம் 1937இல் ஈற்றுமுறையாக நடைபெற்றது. நல்வாய்ப்பாக, மிசிசிப்பி ஆற்றின் தலைவாயிலாகிய இட்டாஸ்கா ஏரியைச் சூழ்ந்த பைன் காட்டின் ஒரு பகுதி 1891இலேயே மாநிலப் பூங்காவாக ஒதுக்கப்பட்டமையால், அழிந்தது எத்தகையது என்பதை இன்றும் கண்டறிய இயலுகின்றது.

காடு போயிற்று; கடிதங்கள் எஞ்சின. தியோடர் பிளெகன் என்னும் மின்னசோட்டா வரலாற்றறிஞர் நோர்வேயிற் பழம் பெட்டிகளிலும் பத்திரிகைகளிலும் கிடந்த கடிதங்களைத் தேடித் தொகுத்து 1955இல் வெளியிட்டார். சுவீடனின் வெக்ஷோ நகரில் 1965இல் குடிபெயர்ந்தோர் ஆய்வு நிறுவனம் தோன்றியது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தினர் 1960களில் ஊர் ஊராகக் கடிதங்களைத் திரட்டினர். அவற்றைத் தந்தவர் பெரும்பாலும் கமக்காரக் குடும்பத்தினர். குளிர்காய விறகின்றித் தவித்த காலத்திலும் அவர்கள் அத்தாள்களை அடுப்பிலிடவில்லை.

அவர்கள் ஏன் அவற்றைப் பேணினர்? விலைவாசிச் செய்திக்காக அன்று. மகன் தன் துன்பத்தை மறைத்தான் என்பதைத் தாய் அறியாதிருந்தாள் என நாம் நினைக்க வேண்டியதில்லை. நடுங்கும் எழுத்தும், முன்னர் ஐந்து பக்கமாயிருந்து பின்னர் ஒரு பக்கமாய்ச் சுருங்கிய மடலும், தோழன் ஒருவனின் பெயர் திடீரென வராமற்போனமையும் வீட்டாருக்குப் பலவற்றை உணர்த்தியிருக்கும். வரலாற்று மாணவனும் அந்தத் தாயின் கண்கொண்டே இக்கடிதங்களை வாசிக்கப் பழகுதல் வேண்டும். எழுதியதை நம்பவும், எழுதாததைத் தேடவும், தேடிக் கண்டதைக் கொண்டு எழுதியவனை இகழாதிருக்கவும் அவனுக்குத் தெரிய வேண்டும். நம் இல்லங்களின் பழைய பெட்டிகளிலும், தூரதேசம் போன ஒருவர் சுகம் என்று தொடங்கி எழுதிய தாள்கள் கிடக்கக் கூடும். கறையானுக்கு இரையாகுமுன் அவற்றை எடுத்து, சுகம் என்ற அச்சொல்லுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று வினவுவோமாக.